எங்கே நிறுத்துவது? பேட்டரியின் கட்-ஆஃப் வோல்டேஜ்

டார்ச்சில் வெளிச்சம் மங்கிவிட்டது என்று கழற்றிய பென்சில் செல்லைக் குப்பையில் போடாமல் சுவர்க் கடிகாரத்தில் போட்டால், அது இன்னும் சில மாதம் ஓடும். பல வீடுகளில் வழக்கமாக நடக்கும் காரியம்தான் இது. புதிய அல்கலைன் செல் 1.5 வோல்ட்டுக்குச் சற்று மேலே இருக்கும். அது 1.1 வோல்ட்டுக்கு வந்ததும் டார்ச் பல்பு சோர்ந்துவிடுகிறது. கடிகாரத்துக்கு வேண்டிய கரண்ட் மிகமிகக் குறைவு என்பதால் அதே செல் அங்கே தாராளமாக வேலை செய்கிறது. செல் தீர்ந்ததா இல்லையா என்பதை அதனிடம் வேலை வாங்கும் கருவியும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது.

தூக்கி எறியும் செல்லில் கவனிக்க வேண்டியது இவ்வளவுதான். கருவி நின்றால் செல்லை மாற்றிவிடலாம். திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றும் பேட்டரிக்கு இன்னொரு எல்லையும் உண்டு. கருவி ஓடிக்கொண்டிருந்தாலும் ஒரு வோல்டேஜுக்குக் கீழே பேட்டரியை இறக்கக் கூடாது. சார்ஜ் ஏறிக்கொண்டே இருந்தாலும் ஒரு வோல்டேஜுக்கு மேலே ஏற்றக் கூடாது. மீறினால் உள்ளே நடக்கும் சேதம் பெரும்பாலும் திரும்பி வராதது. இந்த இரண்டு எல்லைகளையும் எப்படி அறிவது, எப்படி அமைப்பது என்பதைத்தான் இந்த அத்தியாயத்தில் பார்க்கப்போகிறோம்.

10.5 என்ற எண்

வீட்டு இன்வெர்ட்டருக்கான 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரியை எதுவரை இறக்கலாம் என்று கடையில் கேட்டால் 10.5 வோல்ட் என்பார்கள். எண் சரிதான். உள்ளே ஆறு செல்கள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் 1.75 வோல்ட்டுக்கு இறங்கும்போது மொத்தம் 10.5. ஆனால் இந்த எண்ணோடு ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டு வருகிறது. அதைக் கடையில் யாரும் சொல்வதில்லை.

பேட்டரியின் மேல் 150 ஏ.எச். சி20 என்று அச்சிட்டிருந்தால் அதன் பொருள்: 7.5 ஆம்பியர் வீதம் எடுத்தால் 20 மணி நேரம் கழித்து 10.5 வோல்ட்டுக்கு வரும். அந்த 7.5 ஆம்பியரில்தான் 10.5 என்பது 'தீர்ந்தது' என்று அர்த்தம் தருகிறது. கரண்ட் மாறினால் அர்த்தமும் மாறிவிடும்.

கரண்ட் போன நேரத்தில் ஃபேன், டி.வி., விளக்கு என்று 500 வாட் லோடு ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து சுமார் 50 ஆம்பியர் போகும். 150-ஐ 50-ஆல் வகுத்து மூன்று மணி நேரம் வரும் என்று கணக்குப் போடுவோம். உண்மையில் இரண்டு மணி நேரத்தைத் தாண்டுவதே அரிது. வேகமாக எடுக்கும்போது பிளேட்டின் நுண்துளைகளுக்குள் இருக்கும் ஆசிட் சட்டென்று நீர்த்துப்போகிறது. வெளியே இருக்கும் ஆசிட் உள்ளே போய்ச் சேர நேரம் பிடிக்கிறது. அதனால் வோல்டேஜ் முன்கூட்டியே 10.5-க்கு வந்து இன்வெர்ட்டர் நின்றுவிடுகிறது. வேகமாக எடுத்தால் கிடைக்கும் மொத்த அளவு குறையும் என்பதை வில்ஹெல்ம் பாய்க்கெர்ட் என்ற ஜெர்மானியர் 1897-லேயே சமன்பாடாக எழுதிவைத்தார். பெரிய லோடில் பேட்டரி சீக்கிரம் நின்றதற்காக அது பழுதாகிவிட்டது என்று முடிவுகட்ட வேண்டியதில்லை.

நின்ற பிறகு அரை மணி நேரம் விட்டு மல்டிமீட்டர் வைத்தால் 11.8, 12 என்று காட்டும். மோட்டார் ஓடும்போது கிணற்றில் இறங்கிய நீர்மட்டம், நிறுத்தியதும் ஊறி மேலே வருவதுபோல்தான் இதுவும். ஏறி நிற்கும் அந்த 12 வோல்ட்டைப் பார்த்து 'இன்னும் முக்கால்வாசி இருக்கிறது' என்று எண்ணி மறுபடி அதே லோடைப் போட்டால் சில நிமிடங்களில் மீண்டும் நிற்கும்.

இப்போது இதற்கு நேர்மாறான நிலையைப் பாருங்கள். இதுதான் அதிகப் பேட்டரிகளைக் கொல்கிறது. பலர் கவனிக்காததும் இதுதான். வீட்டில் யாரும் இல்லை. ஒரு வைஃபை ரூட்டர், ஒரு எல்.இ.டி. பல்பு, இவற்றோடு இன்வெர்ட்டர் தனக்கென்று எடுத்துக்கொள்ளும் சில வாட். மொத்தம் இரண்டு ஆம்பியரைத் தாண்டாது. இந்தச் சிறிய கரண்டில் வோல்டேஜ் தாழ்வதே இல்லை. நாள் முழுக்க 12-க்கு அருகே நின்று, பிறகு மெதுவாக 11.5-க்கு வரும், அதன்பின் வேகமாகச் சரியும். இந்த லோடில் 10.5 வந்து இன்வெர்ட்டர் நிற்கும்போது பேட்டரி அடிமட்டம்வரை வறண்டுபோயிருக்கும். ஆசிட் கிட்டத்தட்ட வெறும் தண்ணீராகியிருக்கும். பிளேட் முழுக்க லெட் சல்பேட் படிந்திருக்கும். உடனே சார்ஜ் ஏற்றினால் கரைந்துவிடும். அதே நிலையில் சில நாள் கிடந்தால் படிகங்கள் பெரிதாகி இறுகிவிடும். பிறகு எந்த சார்ஜரும் அதை முழுதாகக் கரைக்காது. கடைக்காரர் 'சல்பேஷன் ஆயிடுச்சு' என்று சொல்வது இதைத்தான்.

ஆக, அதே 10.5 பெரிய லோடில் பேட்டரியைத் தேவைக்கு முன்பே நிறுத்துகிறது. சின்ன லோடில் மிகத் தாமதமாக நிறுத்துகிறது. உங்கள் இன்வெர்ட்டரிலோ சோலார் கன்ட்ரோலரிலோ கட்-ஆஃபை மாற்றும் வசதி இருந்து, லோடு பெரும்பாலும் சிறியதாகவே இருந்தால், அதை 11.5-க்கு உயர்த்திவிடுங்கள். சிறிய லோடில் 11.5-க்கும் 10.5-க்கும் நடுவே கிடைக்கும் கரண்ட் மிகச் சொற்பம். அந்தச் சொற்பத்துக்காகப் பல ஆயிரம் ரூபாய்ப் பேட்டரியின் ஆயுளைக் கொடுப்பது நியாயமே இல்லை.

இதே எண்ணுக்கு மூன்றாவது முகம் ஒன்றும் உண்டு. இரவு முழுக்க சார்ஜ் ஏறிய பேட்டரியை இன்வெர்ட்டரிலிருந்து பிரித்து, சில மணி நேரம் ஓய்வு கொடுத்து அளக்கிறீர்கள். நல்ல பேட்டரி என்றால் 12.6-ஐ ஒட்டி நிற்க வேண்டும். 10.5 காட்டுகிறது என்றால் அது தீர்ந்துபோன பேட்டரி அல்ல. ஆறு செல்லில் ஒன்று செத்துவிட்டது. மீதி ஐந்தும் தலைக்கு 2.1 வோல்ட் தருகின்றன. கிராவிட்டி பார்க்கும் ஹைட்ரோமீட்டரை ஒவ்வொரு செல்லிலும் விட்டுப் பாருங்கள். ஐந்தில் மிதவை மேலே நிற்கும், ஒன்றில் மட்டும் தாழ்ந்து கிடக்கும். இந்தப் பேட்டரிக்கு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பயன் இல்லை. நல்ல ஐந்து செல்களும் அளவு மீறிக் கொதிப்பதுதான் மிச்சம்.

ஒரு வோல்டேஜ் எண்ணைப் பார்த்ததும் எத்தனை ஆம்பியர் ஓடும்போது அளந்தது, எந்த இடத்தில் அளந்தது, எவ்வளவு நேரம் கழித்து அளந்தது என்று கேட்டுப் பழகுங்கள். இதற்குப் பதில் தெரியாத எண்ணை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

எந்த இடத்தில் அளப்பது

இன்வெர்ட்டர் தன் சர்க்யூட் போர்டுக்கு வந்துசேரும் வோல்டேஜைத்தான் பார்க்கிறது. பேட்டரிக்கும் போர்டுக்கும் நடுவே கேபிள், லக், நட்டு போல்ட்டு எல்லாம் இருக்கின்றன. இவற்றின் மொத்தத் தடை ஒரு ஓமில் நூறில் ஒரு பங்குதான் என்றாலும் 50 ஆம்பியர் ஓடும்போது அரை வோல்ட் அதில் கரைந்துவிடும். பேட்டரியில் 11.0 இருக்கும், இன்வெர்ட்டர் 10.5 என்று எண்ணி 'லோ பேட்டரி' என்று கத்தி நிற்கும். புதுப் பேட்டரி மாற்றியும் பேக்-அப் வரவில்லை என்ற புகாருக்குப் பின்னால் பல நேரம் டெர்மினலில் பூத்திருக்கும் பச்சையும் வெள்ளையுமான உப்புதான் இருக்கிறது.

சோதிப்பது எளிது. லோடு ஓடிக்கொண்டிருக்கும்போது மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் ஈயத் தண்டின் நடுவிலும், மறு முனையை அதே தண்டில் மாட்டியிருக்கும் லக்கின் மேலும் வையுங்கள். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பவை. பூஜ்யத்தை ஒட்டித்தான் காட்ட வேண்டும். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கழற்றி, வெந்நீரும் சோடா உப்பும் விட்டுக் கழுவி, எமரித் தாளால் தேய்த்து, இறுக்கிப் பூட்டி, மேலே வாசலின் தடவுங்கள். கழற்றுவதற்கு முன் லோடையும் மெயின் சப்ளையையும் நிறுத்துங்கள், மோதிரத்தையும் வளையலையும் கழற்றி வையுங்கள். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். சார்ஜாகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும் என்பதால் பக்கத்தில் விளக்கும் ஊதுபத்தியும் இருக்கவே கூடாது. சாமி மாடத்துக்குக் கீழே பேட்டரி வைத்திருக்கும் வீடுகள் உண்டு. இன்றே இடம் மாற்றிவிடுங்கள்.

மல்டிமீட்டரின் உள்ளே இருக்கும் 9 வோல்ட் செல்லும் முக்கியம். மலிவான மஞ்சள் மீட்டர்களில் அந்தச் செல் சோர்ந்தால், மீட்டர் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். 12.0 வோல்ட் இருப்பதை 12.6 என்று காட்டினால் உங்கள் முடிவு முழுக்கத் தலைகீழாகிவிடும். கட்-ஆஃப் அமைக்கப்போகிற நாளில் அந்தச் செல்லைப் புதிதாக மாற்றிவிடுங்கள்.

மேல் எல்லை: நிறுத்துவதா, பிடித்து வைப்பதா?

சார்ஜ் ஏற்றும்போது 'கட்-ஆஃப்' என்றால், அந்த வோல்டேஜ் வந்ததும் துண்டித்துவிட வேண்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சிறு கடைகளில் விற்கும் ரிலே வைத்த 'ஆட்டோ கட்' சார்ஜர்கள் அப்படித்தான் செய்கின்றன. லெட்-ஆசிட் பேட்டரி 14.4 வோல்ட்டைத் தொட்டதும் டக்கென்று ரிலே விழும். பச்சை விளக்கு எரியும். ஆனால் பேட்டரி நிறைந்திருக்காது.

சார்ஜ் ஏறும்போது டெர்மினலில் தெரியும் வோல்டேஜில் இரண்டு பங்கு கலந்திருக்கிறது. ஒன்று, பேட்டரியின் உண்மையான நிலை. மற்றொன்று, உள்ளே தள்ளப்படும் கரண்ட் ஏற்படுத்தும் கூடுதல் வோல்டேஜ். கரண்ட் பெரிதாக இருந்தால் 14.4 சீக்கிரமே வந்துவிடும். நல்ல சார்ஜர் 14.4 வந்ததும் துண்டிக்காது. வோல்டேஜை அங்கேயே பிடித்து வைத்துக்கொண்டு கரண்டைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வரும். அந்தக் கரண்ட் மிகச் சிறிதாகச் சுருங்கிய பிறகுதான் பேட்டரி நிறைந்ததாகப் பொருள். அதன்பின் 13.5 முதல் 13.8 வரை இறக்கி, ஃபுளோட்டில் வைத்திருக்கும். தொட்டதும் துண்டிக்கும் சார்ஜரில் வாழ்கிற பேட்டரி, ஒவ்வொரு நாளும் அரைகுறையாக ஏறி, ஒன்றிரண்டு வருடத்தில் சல்பேஷனில் முடியும். நல்ல பேட்டரி வாங்கி மோசமான சார்ஜரில் போடுவதைவிட, நடுத்தரப் பேட்டரியை நல்ல சார்ஜரில் போடுவது மேல்.

14.4-க்கு மேலே தொடர்ந்து போனால் கரண்டின் பெரும்பகுதி தண்ணீரைப் பிரிப்பதில் போகும். டிஸ்டில்டு வாட்டர் எவ்வளவு சீக்கிரம் குறைகிறது என்பதே உங்கள் சார்ஜரின் மேல் எல்லையைக் காட்டிக்கொடுக்கும். மாதா மாதம் ஊற்ற வேண்டியிருந்தால் எல்லை உயரமாக இருக்கிறது. தண்ணீர் ஊற்றும் வகைப் பேட்டரியில் வருடம் முழுக்க ஒரு சொட்டும் குறையவில்லை என்றால் பேட்டரி நிறைவதே இல்லை என்று சந்தேகப்படுங்கள்.

வெப்பமும் இந்த எல்லையை நகர்த்தும். மேலே சொன்ன எண்கள் 25 டிகிரிக்கானவை. 12 வோல்ட் பேட்டரிக்கு ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் சுமார் 0.018 வோல்ட் குறைக்க வேண்டும். மொட்டை மாடிக்குப் போகும் படிக்கட்டின் கீழ், தகரக் கூரைக்கு அடியில் 40 டிகிரியில் பேட்டரி இருந்தால் 13.6 என்ற ஃபுளோட்டை 13.3-க்குக் கொண்டுவர வேண்டும். சார்ஜரில் வெப்பத்தை உணரும் ஒயர் இருந்தால் அதைப் பேட்டரியின் உடம்பில் ஒட்டுங்கள். இல்லையென்றால் பேட்டரியை வீட்டுக்குள் குளிர்ச்சியான, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுவதுதான் வழி.

லித்தியம்: தவறுக்கு இடமில்லை

லெட்-ஆசிட் பேட்டரி பொறுமைசாலி. கொஞ்சம் கூட ஏற்றினால் தண்ணீர் குறையும், அவ்வளவுதான். லித்தியம்-அயனில் அந்தப் பொறுமை கிடையாது. லேப்டாப், பவர் பேங்க், எமர்ஜென்சி லைட் ஆகியவற்றில் இருக்கும் 18650 வகைச் செல்லின் மேல் எல்லை 4.20 வோல்ட், அதில் 0.05 மட்டுமே கூடக் குறைய இருக்கலாம். அதற்கு மேல் போனால் லித்தியம் உலோகமாகவே நெகட்டிவ் பக்கத்தில் படியத் தொடங்கும், எலக்ட்ரோலைட் சிதையும், பாசிட்டிவ் பக்கத்துப் பொருள் நிலைகுலைந்து ஆக்சிஜனை விடும். தீப்பிடிப்பதற்கு வேண்டிய எல்லாம் அந்தச் சின்ன டப்பாவுக்குள்ளேயே சேர்ந்துவிடும்.

இங்கேயும் 4.2-ஐத் தொட்டதும் நிறைந்துவிட்டதாகப் பொருள் இல்லை. வேகமாக ஏற்றினால், 4.2 வரும்போது செல் சுமார் 70, 80 சதவீதம்தான் ஏறியிருக்கும். அங்கிருந்து வோல்டேஜைப் பிடித்துவைத்து, கரண்ட் பத்தில் ஒரு பங்காகவோ இருபதில் ஒரு பங்காகவோ குறைந்த பிறகு நிறுத்த வேண்டும்.

எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் மிக மலிவாகக் கிடைக்கும் டி.பி.4056 போர்டு இதைத்தான் செய்கிறது. அதைப் பலரும் வாங்கி அப்படியே ஒட்டிவிடுகிறார்கள். இரண்டு விஷயத்தைக் கவனிப்பதில்லை. அதன் மேல் கரண்டைத் தீர்மானிக்கும் ஒரு சின்ன ரெசிஸ்டர் இருக்கிறது. கடையிலிருந்து வரும்போது அது 1.2 கிலோ ஓம். அப்படியென்றால் 1 ஆம்பியர். 2500 மில்லி ஆம்பியர்-ஹவர் 18650 செல்லுக்கு அது சரி. ப்ளூடூத் ஹெட்செட்டிலிருந்து எடுத்த 300 மில்லி ஆம்பியர்-ஹவர் செல்லை அதில் மாட்டினால், அதன் தாங்குதிறனைப்போல மூன்று மடங்குக்கு மேல் தள்ளுகிறோம். அந்த ரெசிஸ்டரை எடுத்துவிட்டு 10 கிலோ ஓம் வைத்தால் 130 மில்லி ஆம்பியர் ஆகும். சிறிய செல்லுக்கு அதுதான் பொருத்தம். இரண்டாவது, இந்த போர்டு நிறுத்துவது கரண்ட் பத்தில் ஒரு பங்குக்குக் குறைந்ததைப் பார்த்து, அதாவது 1 ஆம்பியரில் தொடங்கினால் 100 மில்லி ஆம்பியரில். சார்ஜ் ஏறும்போதே செல்லோடு ஒரு விளக்கையும் இணைத்து எரியவிட்டால், அந்த விளக்கு எடுக்கும் கரண்டையும் போர்டு செல்லுக்குப் போவதாகவே எண்ணும். விளக்கு 150 மில்லி ஆம்பியர் எடுத்தால் சார்ஜ் நிற்கவே நிற்காது. செல் நாள் கணக்கில் 4.2-லேயே தொங்கிக்கொண்டிருக்கும். சார்ஜ் ஏறும் நேரத்தில் லோடைத் தனியே பிரித்துவிடும்படி அமையுங்கள்.

ஆயுள் முக்கியம் என்றால் மேல் எல்லையை 4.1-க்குக் குறைப்பது மிக நல்ல முதலீடு. கொள்ளளவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு போகும். பதிலுக்கு எத்தனை முறை சார்ஜ் செய்யலாம் என்பது கணிசமாக உயரும். போன்களில் '80 சதவீதத்தில் நிறுத்து' என்று வரும் வசதியின் அடிப்படையும் இதே தத்துவம்தான்.

கீழ் எல்லைக்கு வருவோம். தயாரிப்பாளர்கள் 2.5, 2.75, 3.0 என்று செல்லுக்குச் செல் வேறு எண் தருகிறார்கள். உங்கள் சர்க்யூட்டில் 3.0 என்று வையுங்கள். அதற்குக் கீழே மிச்சமிருப்பது சொற்பம். பல டி.பி.4056 போர்டுகளில் பாதுகாப்பு ஐ.சி. ஒன்று சேர்ந்தே வரும், பெரும்பாலும் டி.டபிள்யூ.01. அது துண்டிப்பது 2.4 வோல்ட்டில்; மேலே 4.3-ல். இந்த எண்களைத் தினசரி வேலைக்கான எல்லையாக எடுத்துக்கொள்வது தவறு. வேறெல்லாம் தவறிப்போனால் கடைசியாகக் கைகொடுக்க வைத்தவை அவை.

2 வோல்ட்டுக்குக் கீழே வாரக்கணக்கில் கிடந்த லித்தியம் செல்லைத் திரும்ப எழுப்பாதீர்கள். அந்த ஆழத்தில் நெகட்டிவ் பக்கத்தில் இருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கியிருக்கும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு வேறு இடங்களில் உலோகமாகப் படிந்து, செல்லுக்குள்ளேயே ஷார்ட் உண்டாக்கும். அப்படி எழுப்பிய செல் சில நாள் ஒழுங்காக வேலை செய்வதுபோலத் தோன்றும். அதுதான் ஆபத்து, தலைமாட்டில் சார்ஜ் போட்டுத் தூங்கும் ஒரு நாள் அது சூடேறும். பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்து செல் எடுப்பவர்கள், முதல் வேலையாக ஒவ்வொன்றின் வோல்டேஜையும் பார்த்து, 2-க்குக் கீழே இருப்பதைத் தனியே ஒதுக்கிவிடுங்கள். குப்பைத் தொட்டியில் போடாமல், மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

சோலார் விளக்குகளிலும் புதிய இன்வெர்ட்டர்களிலும் வரும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வேறு ரகம். மேலே 3.65, கீழே 2.5. இந்த செல்லில் 20-லிருந்து 90 சதவீதம்வரை வோல்டேஜ் 3.2, 3.3 என்று அசையாமல் நிற்கும். அதனால் நடுவழியில் வோல்டேஜைப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று சொல்லவே முடியாது. சரிவு தொடங்கினால் மளமளவென்று இறங்கிவிடும். கீழ் எல்லையை 2.8-லிருந்து 3.0-க்குள் வைப்பது நல்லது. நான்கு செல் பேட்டரியைப் பழைய லெட்-ஆசிட் இன்வெர்ட்டரில் மாட்டுபவர்கள், 15 வோல்ட்டைத் தாண்டும் 'ஈக்வலைஸ்' முறை அதில் இருந்தால் அதை நிறுத்திவிட வேண்டும், தலைக்கு 3.75 ஆகிவிடும்.

கேமராவிலும் பொம்மையிலும் போடும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்லுக்குக் கீழ் எல்லை தலைக்கு 1.0 வோல்ட் என்று நினைவில் வைத்தால் போதும்.

வரிசையில் ஒருவன் மட்டும் இளைத்தால்

மூன்று லித்தியம் செல்களை வரிசையாக இணைத்த பேக்கில் 9.6 வோல்ட் இருக்கிறது. மூன்றால் வகுத்தால் தலைக்கு 3.2, பாதுகாப்பாகத் தெரிகிறது. தனித்தனியே அளந்து பாருங்கள்: 3.5, 3.5, 2.6. மொத்தத்தை மட்டும் பார்க்கும் கட்-ஆஃப் இதை விட்டுவிடும். இளைத்த செல் ஒவ்வொரு முறையும் இன்னும் ஆழமாக இறங்கும். ஒரு கட்டத்தில் மற்ற செல்கள் அதன் வழியே கரண்டைத் தள்ளி, அதன் பாசிட்டிவ் நெகட்டிவையே மாற்றிவிடும். சார்ஜ் ஏறும்போதும் இதே கதைதான்: மொத்தம் 12.6 சரியாக இருக்கும், ஆனால் ஒரு செல் மட்டும் 4.4-க்குப் போயிருக்கும்.

அதனால் இரண்டு லித்தியம் செல்லை வரிசையாக இணைத்தாலே ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் பார்க்கும் பி.எம்.எஸ். போர்டு கட்டாயம். எலெக்ட்ரிக் சைக்கிளின் 48 வோல்ட் பேக் என்றால் 13 செல் வரிசை, முழு சார்ஜில் 54.6 வோல்ட். அதில் ஒரு செல் பழுதானால்கூட வண்டி பாதி வழியில் நின்றுவிடும். மீட்டரில் இரண்டு கோடு மிச்சம் இருக்கும். அப்படி நின்றால் கோளாறு மோட்டாரில் என்று தேடுவதற்கு முன் பி.எம்.எஸ். கனெக்டரில் ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் அளந்து, அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

நீங்களே கட்டும் ஒரு கட்-ஆஃப்

12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரியில் டி.சி. எல்.இ.டி. விளக்குகளை எரிக்கும் சிறு சோலார் அமைப்புக்கு இந்த சர்க்யூட் போதும். 11.5-ல் துண்டிக்கும், 12.6-ல் மீண்டும் இணைக்கும். இரண்டு எண் எதற்கு? 11.5-ல் துண்டித்ததும் லோடு போய்விடுவதால் வோல்டேஜ் ஊறி ஏறும். ஒரே எல்லை வைத்தால் உடனே ரிலே மீண்டும் பிடிக்கும், லோடு வந்ததும் மறுபடி விழும். 'டக டக' என்று விடாமல் அடித்துக்கொண்டு கான்டாக்ட் கருகிவிடும். ஓய்வில் விட்ட பேட்டரி தானாக 12.6-க்கு ஏறாது. சார்ஜ் வந்தால்தான் அங்கே போகும். அதனால் அந்த எண்.

எல்.எம்.358 ஐ.சி.யின் ஒரு பாதியை கம்பரேட்டராக எடுத்துக்கொள்ளுங்கள். டி.எல்.431-ஐ 4.7 கிலோ ஓம் வழியாகப் பேட்டரியோடு இணைத்து, அதன் ரெஃபரன்ஸ் காலையும் கேத்தோடையும் சேர்த்துவிட்டால் 2.5 வோல்ட் அசையாமல் நிற்கும். அதை நெகட்டிவ் உள்ளீட்டுக்குக் கொடுங்கள். பேட்டரி பாசிட்டிவிலிருந்து 36 கிலோ ஓம் ரெசிஸ்டர் பாசிட்டிவ் உள்ளீட்டுக்கு. அங்கிருந்து கிரவுண்டுக்கு 8.2 கிலோ ஓமும், அதனோடு வரிசையாக 2 கிலோ ஓம் பிரிசெட்டும். வெளியீட்டிலிருந்து பாசிட்டிவ் உள்ளீட்டுக்கு 330 கிலோ ஓம் ஒன்று திரும்பி வர வேண்டும். 11.5-க்கும் 12.6-க்கும் நடுவே உள்ள இடைவெளியைத் தருவது இந்த 330 கிலோ ஓம்தான். வெளியீடு 10 கிலோ ஓம் வழியாக பி.சி.547 டிரான்சிஸ்டரின் பேஸுக்கு. கலெக்டரில் 12 வோல்ட் ரிலே, அதன் காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டயோடு தலைகீழாக. பாசிட்டிவ் உள்ளீட்டிலிருந்து கிரவுண்டுக்கு 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று போட்டால், லோடு போடும் கணத்தில் வரும் தற்காலிகத் தாழ்வுக்கு ரிலே விழாது. முக்கால் விநாடியளவு பொறுத்துக்கொள்ளும்.

கணக்குப்படி பிரிசெட்டோடு சேர்த்து 9.2 கிலோ ஓம் அளவில் 11.5 வரும். ஆனால் கணக்கை நம்பி விட்டுவிடாதீர்கள். சாதாரண டி.எல்.431-லேயே 2 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம், 11.5-ல் அது கிட்டத்தட்ட கால் வோல்ட். பேட்டரிக்குப் பதில் வோல்டேஜை மாற்றக்கூடிய பவர் சப்ளையை மாட்டி, 13-லிருந்து மெதுவாக இறக்கி, 11.5-ல் ரிலே விழும்படி பிரிசெட்டைத் திருப்புங்கள். பிறகு மெதுவாக ஏற்றி, 12.6-ஐ ஒட்டிப் பிடிக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு அசைவுக்கும் இரண்டு மூன்று விநாடி காத்திருந்தால்தான் கெப்பாசிட்டர் நிலைக்கு வரும். சரியானதும் பிரிசெட்டின் மேல் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வையுங்கள்.

இந்த சர்க்யூட்டுக்குப் போகும் பாசிட்டிவ், நெகட்டிவ் ஒயர் இரண்டையும் லோடு ஒயரிலிருந்து எடுக்காமல் பேட்டரி டெர்மினலிலிருந்தே தனியாக எடுங்கள். இல்லையென்றால் லோடு கேபிளில் கரையும் வோல்டேஜையும் சேர்த்து அளந்துவிடும். பேட்டரி பாசிட்டிவ் அருகிலேயே ஃபியூஸ் வேண்டும். ரிலேயின் உடம்பில் அச்சிட்ட டி.சி. ஆம்பியரைப் பாருங்கள், ஏ.சி.க்கான எண் டி.சி.க்குப் பொருந்தாது. ரிலே பிடித்திருக்கும்போது காயிலே சுமார் 30 மில்லி ஆம்பியர் எடுக்கும், நாளுக்கு 0.7 ஏ.எச். ஆகிவிடும். 40 ஏ.எச். பேட்டரிக்கு இது பெரிதில்லை. 7 ஏ.எச். பேட்டரி என்றால் ரிலேவை விட்டுவிட்டு மாஸ்ஃபெட் வைத்துக் கட்டுங்கள்.

வீட்டைப் பூட்டிப் போகும்போது

கட்-ஆஃப் விழுந்த பிறகும் பேட்டரி வடிந்துகொண்டுதான் இருக்கும். மேலே சொன்ன சர்க்யூட், ரிலே விழுந்த நிலையிலும் சுமார் 3 மில்லி ஆம்பியர் எடுக்கும்; மாதத்துக்கு 2 ஏ.எச். இன்வெர்ட்டரும், லித்தியம் பேக்கின் பி.எம்.எஸ். போர்டும் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் எடுக்கும். பேட்டரி தானாகவும் சிறிது இழக்கும். ஏற்கெனவே கீழ் எல்லையில் நிற்கும் பேட்டரியை இந்த நிலையில் ஒரு மாதம் விட்டால், கட்-ஆஃப் காப்பாற்றியதெல்லாம் வீண்.

ஊருக்குப் போகும் முன் லெட்-ஆசிட் பேட்டரியை முழுக்க ஏற்றி, ஒரு மாதத்துக்கு மேல் என்றால் இன்வெர்ட்டரை நிறுத்தி நெகட்டிவ் லக்கைக் கழற்றி, துணி சுற்றி ஓரமாக வைத்துவிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை யாரையாவது விட்டு சார்ஜ் ஏற்றச் சொல்லுங்கள், ஓய்வில் 12.4-க்குக் கீழே வந்திருந்தால் அதற்கு முன்பே ஏற்ற வேண்டும். லித்தியத்துக்கு நேர்மாறு. முழுக்க ஏற்றி வைக்காமல் செல்லுக்கு 3.7 அல்லது 3.8 வோல்ட்டில், அதாவது பாதியளவில், குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். ஒரு துண்டுத் தாளில் தேதியையும் அன்றைய வோல்டேஜையும் எழுதி பேட்டரியின் மேல் ஒட்டிவிடுங்கள். திரும்பி வந்து அளக்கும்போது எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அந்தத் தாளைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். மூன்று மாதத்தில் 0.1 வோல்ட்டுக்கு மேல் இறங்கிய லித்தியம் செல்லை மறுபடி பேக்கில் சேர்க்காதீர்கள்.